இன்னும் ஒரே ஒரு டேக்
2008-இல் வந்த வீ மியூசிக்கை, அதாவது நிண்டெண்டோவின் வீ கருவியில் ரிமோட்டை ஆட்டி வாத்தியம் வாசிக்கிற வீடியோ விளையாட்டை, மறுபடி எடுத்தது என் தப்புதான். பத்து நிமிடம் விளையாடலாம் என்று உட்கார்ந்தேன், சரி, நின்றேன். நிமிர்ந்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. இந்த விளையாட்டில் தோற்கவே முடியாது, அதுதான் எரிச்சல். எப்படி ஆட்டினாலும் பாட்டுக்குப் பொருந்துகிற ஸ்வரம்தான் வரும், முடிந்ததும் மதிப்பெண்ணையும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் எங்கே நிறுத்துவது? வாத்தியங்கள் அறுபதுக்கும் மேல், ஒரு பாட்டில் ஆறு பாகங்கள், மெலடி, பேஸ், தாளம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசித்து அடுக்கலாம். ஐந்தை முடித்து ஆறாவதற்கு வந்தால் முதலில் வாசித்த வயலின் சகிக்கவில்லை, அதை அழித்து மறுபடி. ரிமோட்டை வில் மாதிரி இழுத்து இழுத்து வலது தோள்பட்டை கழன்றுவிட்டது போல இருக்கிறது. வீட்டிலிருப்பவர்களுக்கு இசை கேட்கவில்லையாம், காற்றில் கொசு விரட்டுகிற ஒரு ஆள்தான் தெரிகிறாராம். அடுப்பில் வைத்த பால்? அதைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த டேக் நன்றாக வந்தது, ஆனால் டிரம்ஸ் மட்டும் கொஞ்சம் முந்துகிறது.