மாமரத்தை வெட்டச் சொன்ன மகராசன்

“இனிமே டிஷ்ஷுக்கெல்லாம் ஃபியூச்சர் இல்லண்ணா. பேசாம ஆப்புக்கு மாறிடுங்க.”

டிவி டிஷ்ஷை ரிப்பேர் பார்க்க வந்தவன் பைக்கை உதைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். விசிட்டிங் சார்ஜை வாங்கிப் பாக்கெட்டில் வைத்த கை இன்னும் வெளியே வரக்கூட இல்லை. மொட்டை மாடியில் இருக்கிற டிஷ்ஷை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி, மாடிப்படியில் ஒரு கால் வைக்கவில்லை. கிளி ஜோசியக்காரர்கூட கிளியை வெளியே விட்டு ஒரு சீட்டாவது எடுக்க வைத்துவிட்டுத்தான் எதிர்காலம் சொல்வார்.

டிஷ் வைத்திருக்கிற எல்லாரும் இந்த ஆளைப் பார்த்திருப்பீர்கள். ஊர் வேறு, பைக் வேறு, வசனம் ஒன்றுதான்.

எங்கள் வீட்டு வியாதி இதுதான்: பாதி சேனல் வருகிறது, பாதி வரவில்லை. செய்தி வருகிறது, சீரியல் வரவில்லை. சமையல் வருகிறது, சாமி வரவில்லை. அம்மாவின் கணக்கில் இதற்குப் பெயர் மொத்தமும் போச்சு. ரீசார்ஜ் செய்து மை காயவில்லை, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், முதலில் ஒரு பெண் குரல் புதிய பேக் ஒன்றை விற்கப் பார்த்தது. இருக்கிறதே வரவில்லை தாயே என்று இயந்திரத்திடம் சொல்ல முடியாது. அப்புறம் “பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கவும்.” பதிவு செய்த எண் தம்பியின் பழைய சிம். அது எந்த டப்பாவில் கிடக்கிறதோ. எப்படியோ ஒரு மனிதக் குரலைப் பிடித்தால், அந்த மனிதர் சொன்ன வைத்தியம்: பெட்டியை அணையுங்கள், கார்டை உருவுங்கள், துணியால் துடையுங்கள், மறுபடி சொருகுங்கள். ஐயா, இந்த மாநிலத்தில் அந்தக் கார்டை பனியனில் தேய்க்காத குடும்பத் தலைவன் எவன் இருக்கிறான்? தேய்த்துத் தேய்த்து அதிலிருக்கிற தங்கக் கலர் போயே போய்விட்டது.

சரி, ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். “காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள்.” அதாவது அன்றைக்கு நான் தோட்டத்துக்கும் போகக்கூடாது, கிருஷ்ணகிரிக்கும் போகக்கூடாது. மாலையில் ஆள் வரவில்லை, மெசேஜ் வந்தது: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள்? கொடுத்திருப்பேன், ஸ்டாரை. மறுபடி புகார், மறுபடி ஸ்டார். அப்புறம்தான் மகராசன் வந்தான்.

வந்தவன் டிவியைப் பார்த்தான். “சிக்னல் வீக்கா இருக்குண்ணா.” அடடா. இதை அந்த டிவியே நீலத் திரையில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது.

“மேல ஏறிப் பாருங்க தம்பி.”

“ஏணி இருக்காண்ணா?” குரலில் ஒரு நம்பிக்கை. இல்லை என்று சொன்னால் கிளம்பிவிடலாம்.

“படியே இருக்கு.”

முகம் வாடிவிட்டது. வாசலுக்கு வந்தான், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு டிஷ்ஷைப் பார்த்தான், பக்கத்தில் பார்த்தான், கண்டுபிடித்துவிட்டான். “மாமரம் மறைக்குதுண்ணா. அதை வெட்டிட்டா சரியாயிடும்.”

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நின்றுகொண்டு மாமரத்தை வெட்டச் சொல்கிறான். மாங்காய்தான் எங்களுக்குச் சோறு, விலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அம்மா அவனுக்கு மோர் கொண்டுவந்தவர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். “ஏன் கண்ணு, இது எங்க மாமனார் வெச்ச மரம்” என்றார். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மோரைக் கொடுத்தார்.

நான் கேட்டேன்: “தம்பி, மரம் எந்தப் பக்கம் இருக்கு?”

“அந்தப் பக்கம்.”

“அது வடக்கு. டிஷ் எந்தப் பக்கம் பார்க்குது?”

செயற்கைக்கோள்கள் நிற்பது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. நாம் இருப்பது அதற்கு வடக்கே, 12 டிகிரி சொச்சத்தில். தமிழ்நாட்டில் எந்த டிடிஎச் டிஷ்ஷாக இருந்தாலும் தெற்கு வானத்தைப் பார்த்துத்தான் மல்லாந்திருக்கும். வடக்கே இமயமலையே எழும்பி நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதற்கு நான் அவனுக்குக் காசும் கொடுக்கிறேன்.

மரத்தைப் பார்த்தான், டிஷ்ஷைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “காத்தடிச்சா கிளை ஆடும்லண்ணா?”

ஆடும். வடக்கே ஆடுகிற கிளை வீட்டைச் சுற்றித் தெற்கே போய் மறைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

மோரைக் குடித்து முடித்ததும் அடுத்த கட்டம். பெட்டி பழசு, இதற்குப் பார்ட்ஸ் வருவதில்லை, டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையைப் பிடிக்கிற எல்என்பியை மாற்றினாலும் கேரண்டி இல்லை, புது ஆண்ட்ராய்டு பெட்டி இருக்கிறது, டிஷ்ஷும் ஓடும், நெட் இருந்தால் எல்லா ஆப்பும் ஓடும்.

“நெட் இல்லையே.”

“ஃபைபர் போட்டுக்கங்க.”

“ஃபைபர் மெயின் ரோட்டோட நிக்குது தம்பி, கம்பத்துல சுருட்டி மாட்டி வெச்சிருக்காங்க.”

“அப்ப போன்ல ஹாட்ஸ்பாட் வெச்சுக்கங்க.”

“போன்ல டவர் கிடைக்கிறதே அந்த மாமரத்தடியிலதான்.”

இதற்கு அவனிடம் பதில் இல்லை. பில் புத்தகத்தை எடுத்தான்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் வந்து பாருங்கள். மூன்று மாநிலம் கூடுகிற இடம். என் போன் காலையில் தமிழ்நாடு, மத்தியானம் ஆந்திரா, சாயங்காலம் கர்நாடகம். தங்கைக்குப் போன் போட்டால், ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொல்கிறார்கள். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். இந்த லட்சணத்தில் இருக்கிற கம்பியில்லா இணையத்தை நம்பி, வானம் பார்த்த பயிர் மாதிரி இருக்கிற என் அம்மாவின் ஒன்பது மணி சீரியலை ஒப்படைக்க வேண்டுமாம்.

எனக்கு விஞ்ஞானம் பெரிதாகத் தெரியாது, ஆனால் இவ்வளவு தெரியும். மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற செயற்கைக்கோளுக்குக் கீழே பத்து வீடு பார்க்கிறதா, ஒரு கோடி வீடு பார்க்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஒரே அலை, பிடிக்கிறவன் பிடித்துக்கொள்ளலாம். அஞ்செட்டி மலைக்குள் இருக்கிற வீட்டுக்கும், சென்னை அடுக்குமாடி வீட்டுக்கும் அதே படம், அதே தெளிவு. ஸ்ட்ரீமிங் அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்பியாக வேண்டும். ராத்திரி ஊரே ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் எங்கள் ஒற்றை டவர் என்ன செய்யும், பாவம். நடுத்திரையில் ஒரு வட்டம் சுற்றும். மாமியார் கையை ஓங்கினாளா, அறைந்தாளா என்று தெரியாமல் அம்மா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் அன்றைக்கான டேட்டா தீர்ந்துவிட்டது என்று இன்னொரு மெசேஜ்.

ஓசூரில் அக்கா வீட்டில் எல்லாம் இருக்கிறது. ஃபைபர், பெரிய டிவி, மாதாமாதம் காசு பிடுங்குகிற ஆப் வரிசை. அம்மா அங்கே போனபோது டிவி “யார் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டது. அம்மா “நாந்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அது நகரவில்லை. அப்புறம் ஏதோ ஒன்று லாக்அவுட் ஆகிவிட்டதாம். பாஸ்வேர்டை ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அழுத்து, அதற்கு ஒரு ஓடிபி, அந்த ஓடிபி மாமாவின் போனுக்குப் போகும், மாமா சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். சேனல் நம்பரை எல்லாம் தூக்கத்திலும் சொல்கிற என் அம்மாவை ஒரே வாரத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆக்கிவிட்டார்கள். இந்த முன்னேற்றம் வேண்டாம் என்று ஊருக்கே வந்துவிட்டார்.

ஃபியூச்சர் இல்லையாம். சரி, கணக்கையே பார்ப்போம். ஆட்கள் குறைவது உண்மைதான். 2021 மார்ச்சில் நாடு முழுவதும் 7 கோடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த, காசு கட்டுகிற டிடிஎச் இணைப்பு, 2025 மார்ச்சில் 5.7 கோடிக்கு வந்துவிட்டது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்கே சொல்கிறது. ஆனால் 2022 ஜூனில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஜிசாட்-24 என்று 4 டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்றை ஏவினார்கள். மொத்தக் கொள்ளளவும் ஒரு டிடிஎச் நிறுவனத்துக்கு. ஆயுள் 15 வருஷம் என்று கணக்குப் போட்டுத்தான் மேலே அனுப்பினார்கள். அதாவது வானத்தில் 2037 வரைக்கும் ஃபியூச்சர் இருக்கிறது. விண்வெளியில் பணம் போட ஆள் இருக்கிறது, எங்கள் வீட்டு மாடிப்படி ஏறத்தான் ஆள் இல்லை.

அந்த 5.7 கோடி வீட்டுக்காரர்கள் எல்லாம் யார் என்று நினைக்கிறீர்கள்? ஆப்பைப் பற்றிக் கேள்விப்படாதவர்களா? ஃபைபர் வராத ஊர்க்காரர்களும், வந்தாலும் மாதம் இத்தனை ரூபாய் கட்ட முடியாதவர்களும் அதில் எத்தனை பேர். மாற்று வந்து சேர்வதற்கு முன்பே இருக்கிறதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பார்ட்ஸ் இல்லை என்கிறார்கள், ஆள் இல்லை என்கிறார்கள், நாமாகவே வெறுத்துப் போய்க் கழற்றினால், பார்த்தீர்களா, மக்களே டிஷ் வேண்டாம் என்கிறார்கள் என்பார்கள்.

பெட்டிக் கொடுமை தனி. கம்பெனி மாறினால் பழைய பெட்டி செங்கல்லுக்குச் சமம், செங்கல்லையாவது சுவரில் வைக்கலாம். மொபைலில் சிம் மாற்றுகிற மாதிரி எந்தப் பெட்டியிலும் எந்தக் கம்பெனியும் வர வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. எங்கள் பரணில் பெட்டிகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. எங்கள் தெருவில் பழைய டிஷ்ஷைக் கழற்றி ஒருத்தர் வத்தல் காயப்போடுகிறார், இன்னொருத்தர் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார். மறுசுழற்சிக்கு விருது கொடுப்பதென்றால் எங்கள் தெருவுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

2019-ல் சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், செலவு குறையும் என்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? 100 சேனலுக்கு 130 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி, காசு சேனலுக்குத் தனிக் காசு. குறைந்ததா உங்களுக்கு? இல்லை, சும்மா கேட்டேன்.

மழை பெய்தால் டிஷ் வேலை செய்யாது என்று ஆப்காரர்கள் வந்துவிடுவார்கள், தெரியும். செய்யாது. அந்த அலைவரிசைக்குக் கனத்த மழைத் தண்ணீரைத் தாண்டி வர முடியாது, உண்மை. வருஷத்துக்கு இரண்டு தடவை சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறபோதும் சில நிமிஷம் போய்விடும். போகட்டும், திரும்பி வந்துவிடுகிறதே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகள் தண்ணீரில் அடித்துக்கொண்டு போனதை நாடே பார்த்தது. அன்றைக்கு எந்த ஆப் ஓடியது, சொல்லுங்கள் கேட்போம். எங்கள் டிஷ் மழை விட்டதும் வந்துவிட்டது. நெட் வருவதற்குள் செய்தியே பழசாகிவிட்டது.

இனி, வயிறு எரிகிற பகுதி.

முன்பு எங்கள் பக்கம் டிஷ் மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இப்போது சிசிடிவி வேலைக்குப் போய்விட்டார். டிஷ் மெக்கானிக்குகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், கேமராவும் இன்வெர்ட்டரும். மாமரத்தடியில் நின்று அவருக்குப் போன் போட்டேன். பாதி சேனல் வருது, பாதி வரல என்று சொல்லி முடிக்கவில்லை, “மேல போய் எல்என்பில சொருகியிருக்கிற பின்னைக் கழட்டிப் பாரு” என்றார். பெட்டிதான் கேபிள் வழியாக எல்என்பிக்குக் கரண்ட் அனுப்புகிறதாம். 13 வோல்ட் போனால் ஒரு பாதி சேனல், 18 வோல்ட் போனால் மறு பாதி. வழியில் துரு பிடித்து வோல்ட் இறங்கினால் அந்த 18-க்கு உரிய பாதி மட்டும் காணாமல் போகும்.

ஏறினேன். பின்னைத் திருகினேன். உள்ளே மழைத் தண்ணீர் இறங்கி, செம்பு நரம்பு பச்சையாகப் பூத்திருந்தது. கத்தியால் அந்த நுனியை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, மேல் தோலைச் சீவி, பரணிலிருந்த செத்த பெட்டியின் கேபிளிலிருந்து ஒரு பின்னை எடுத்து மாட்டி, மேலே டேப் சுற்றினேன். கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “வந்துடுச்சு கண்ணு, அவ அறைஞ்சுட்டா!”

இவ்வளவுதான். இதற்குத்தான் மரத்தை வெட்டச் சொன்னான், பெட்டியை மாற்றச் சொன்னான், ஃபைபர் போடச் சொன்னான், டிஷ்ஷுக்கு எதிர்காலமே இல்லை என்றான். ஒரு ரூபாய்கூடப் பெறாத பின். மாடியிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய? புகார் தீர்ந்ததா என்று கேட்டு மறுபடி ஸ்டார் மெசேஜ் வந்திருக்கிறது.

சிரித்து முடித்ததும் வேறொரு எரிச்சல் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரிலிருந்து அலை வருகிறது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் வரவில்லை. வெள்ளைக்காரன் 1905-ல் குறுகிய பாதை போட்டு ஓட்டினான், 1941-ல் போர்க்காலத்தில் கழற்றினான், அதோடு சரி. மாவட்டத் தலைநகரில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. தேர்தல் வந்தால் சர்வே என்கிறார்கள், அடுத்த தேர்தலுக்கு இன்னொரு சர்வே. நாளைக்கு யாராவது வந்து, ரயிலுக்கு இனி ஃபியூச்சர் இல்லண்ணா, ஆப்பில் டிக்கெட் போட்டு பஸ்ஸில் போய்க்கங்க என்று சொல்லட்டும், அப்போது பேசிக்கொள்கிறேன்.