பிள்ளைகளைப் பேச விடுங்கள்

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிக்கிறார்கள். பிளஸ் டூ முடித்து, காலேஜும் முடித்து, மதுரையில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ போனால் "உன்னைப் பற்றிச் சொல்லு" என்ற முதல் கேள்விக்கே தொண்டை அடைத்துவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாம் அவர்களைப் பேச விட்டதே இல்லை. கைடைப் பார்த்துக் கட்டுரையை உருப்போட்டு, பரீட்சைத் தாளில் இறக்கி வைத்தால் மார்க் வந்துவிடும். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை அப்புறம் எங்கே பேசும்?

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்த டெய்லர்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய சட்டையை நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி கை நீளம், காலர், எத்தனை மணிக்கு ரயில் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே கேட்டு முடிப்பார்கள். வாக்கியத்தில் இலக்கணம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் சொல்ல வந்தது புரிந்துவிடும். விலையில் பேரம்கூட ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதுவும் விட்டுக்கொடுக்காமல்!

உலகம் கேட்பதும் இதைத்தான். நாடு விட்டு நாடு பறக்கும் விமானிகளின் ஆங்கிலத்துக்கு ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு படிகள் வைத்திருக்கிறது. 2008-லிருந்து நான்காம் படி இருந்தால் போதும் என்பது விதி. அந்தப் படியில் உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம். எதிரில் இருப்பவருக்குப் புரிவதை அது அடிக்கடி கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான உயிர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படி. நம் வகுப்பறையில் மட்டும் ஏன் மதுரைத் தமிழின் வாடை அடிக்கக் கூடாது?

பிள்ளைக்கு ஆங்கிலம் பேச வராமல் போய்விடுமோ என்று பயந்துதான் கூலி வேலை பார்க்கும் பெற்றோர்கூட நகையை அடகு வைத்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறார்கள். அங்கேயும் அறிவியலை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்வதுதான் பல இடங்களில் நடக்கிறது. பாடம் தமிழில் புரியட்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாக, காதாலும் வாயாலும் சொல்லிக் கொடுங்கள். அதற்கு மீடியம் மாற வேண்டியதில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில வகுப்பில் தினமும் பத்து நிமிடம் புத்தகத்தை மூடி வையுங்கள். நேற்று வீட்டில் என்ன குழம்பு, பஸ் ஏன் லேட் என்று பிள்ளைகள் பேசட்டும். நடுவில் திருத்தாதீர்கள். யாராவது சிரித்தால் அதை மட்டும் அதட்டி நிறுத்துங்கள்.