எழுதிக் கொடுத்தா போதுமா?

சனிக்கிழமை பேங்க் மேற்பார்வை பத்தின ஜூம் கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும், மீதி பேருக்கு ரெக்கார்டிங் வந்திருக்கும், அதனால மறுபடி முதல்லருந்து சொல்லப் போறதில்ல. மூணு நாளா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதலைன்னா தூக்கம் வராதுன்னு புரிஞ்சுடுச்சு, எழுதிடறேன்.

பேச்சாளர் சொன்னது இதுதான். அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (சுருக்கமா ஃபெட்) மத்த நாட்டு மத்திய வங்கிகளுக்கெல்லாம் வாத்தியார் மாதிரி, 2023-ல விழுந்த சிலிக்கான் வேலி பேங்க் விஷயத்துல கூட அவங்க குறையை எல்லாம் முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டாங்க, பேங்க்தான் கேக்கல, இதுல மேற்பார்வைமேல என்ன தப்பு இருக்கு. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எழுதிக் கொடுத்தது ஏன் சரியாகல, சரி பண்ண வைக்கறது யாரோட வேலை? அதுக்கு வந்த பதில், "அம்மா, நீங்க கிளை ஆடிட் பாத்தவங்க, இது வேற லெவல் விஷயம்." அப்புறம் என் மைக் ம்யூட்.

சரி, வேற லெவல்லயே பேசுவோம்.

சிலிக்கான் வேலி பேங்க் கலிபோர்னியா மாநில சார்ட்டர் (பேங்க் நடத்த அனுமதி) வாங்கின, ஃபெடரல் ரிசர்வ்ல உறுப்பினரா இருந்த பேங்க். அமெரிக்காவுல நேஷனல் பேங்க்னா (மத்திய அரசு சார்ட்டர் வாங்கினது) கட்டாயம் உறுப்பினர், அதைப் பாக்கறது ஓசிசிங்கற மத்திய அரசு அமைப்பு. மாநில பேங்குக்கு உறுப்பினர் ஆகறது அதோட விருப்பம், ஆனா ஆகிட்டா மத்திய அரசு அளவுல அதைப் பாக்கற பொறுப்பு ஃபெடோடது. இங்க அது ஃபெடோட வட்டார வங்கியான சான் ஃப்ரான்சிஸ்கோ ரிசர்வ் பேங்க். "அது எங்க கண்ணுல படல"ன்னு சொல்ற இடமே இல்ல. 2019 கடைசியில சுமார் 7,100 கோடி டாலர் சொத்து, ரெண்டே வருஷத்துல 21,100 கோடி. மூணு மடங்கு! டெபாசிட்ல கிட்டத்தட்ட 94 சதவீதம் இன்ஷூரன்ஸ் வரம்பான 2,50,000 டாலருக்கு மேல போன பணம். வந்த பணத்தை நீண்டகால பாண்டுல (கடன் பத்திரத்துல) போட்டாங்க. 2022 மார்ச்சுல ஃபெட் வட்டி ஏத்த ஆரம்பிச்சுது, குறைஞ்ச வட்டியில வாங்கி வெச்சிருந்த அந்த பாண்டு மதிப்பு இறங்குச்சு. வட்டி ஏத்தினதும் ஃபெட், வட்டி ஏறினா இந்த பேங்க் என்ன ஆகும்னு பாக்க வேண்டியதும் ஃபெட். ஒரே நிறுவனம்தானே? இந்த இடத்துலதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

2023 மார்ச் 8-ம் தேதி பாண்டை வித்ததுல 180 கோடி டாலர் நஷ்டம்னு பேங்க் அறிவிச்சுது. 9-ம் தேதி டெபாசிட் போட்டவங்க பயந்து எடுத்ததுல ஒரே நாள்ல 4,200 கோடி டாலர் வெளிய போச்சு, அடுத்த நாள் இன்னும் 10,000 கோடி போக வரிசைல நின்னுச்சு. 10-ம் தேதி காலையில பேங்க் இல்ல. அன்னிக்குத் தேதியில அந்த பேங்க் மேல மேற்பார்வையாளர்கள் எழுதி, சரியாகாம நின்ன குறைகள் 31. அதே அளவு பேங்குகளோட சராசரியை விட மூணு மடங்கு. இது நானா சொல்றதில்ல, அப்போ ஃபெடோட மேற்பார்வைக்கான துணைத்தலைவரா இருந்த மைக்கேல் பார் ஏப்ரல் 28-ம் தேதி வெளியிட்ட அறிக்கையில இருக்கு. வட்டி ரிஸ்க்ல ஓட்டை இருக்குன்னு 2020, 2021, 2022 மூணு பரிசோதனையிலயும் தெரிஞ்சிருக்கு, ஆனா முறையான குறையா எழுதினது 2022 நவம்பர்ல. குறையைச் சரி பண்றோம்னு நிர்வாகத்தை ஒத்துக்க வைக்கற ஒரு ஒப்பந்தக் கடிதம், அதுவும் வெளியில தெரியாத இன்ஃபார்மல் வகை, அதைத் தயார் பண்ணவே ஏழு மாசத்துக்கு மேல போயிருக்கு, பேங்க் விழற அன்னிக்கு வரைக்கும் அது கொடுக்கப்படவே இல்ல.

31 குறை. சரி பண்ண வைக்கலைன்னா அது வெறும் பேப்பர்.

இதை நான் புஸ்தகம் படிச்சு சொல்லல. நான் ஒரு பேங்க்ல இன்டர்னல் ஆடிட்ல இருந்தப்ப (எந்த பேங்க்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சவங்களும் கமெண்ட்ல போடாதீங்க ப்ளீஸ்) ஒரு கிளையில கேஷ் சேஃப் ஜாயிண்ட் கஸ்டடில (ரெண்டு பேர் பொறுப்புல) இல்ல, ரெண்டு சாவியும் ஒரே ஆள்கிட்ட. ரிப்போர்ட்ல எழுதினேன். "நோட்டட் ஃபார் கம்ப்ளையன்ஸ்"னு, அதாவது கவனிச்சோம் செய்யறோம்னு, பதில் வந்துச்சு. அடுத்த தடவை போறேன், அதே ரெண்டு சாவி அதே ஆள்கிட்ட. மறுபடி எழுதினேன், "ரெக்டிஃபைட்"னு (சரி பண்ணியாச்சாம்) பதில். மூணாவது தடவையும் அதேதான், நானும் கடமைக்கு மூணாவது தடவையா எழுதிட்டு பஸ் ஏறிட்டேன். அப்புறம் ஒரு நாள் கேஷ் குறைஞ்சுது. விசாரணையில நான் மூணு ரிப்போர்ட்டையும் எடுத்து வெச்சு "சார், நான் எழுதிக் கொடுத்திருக்கேன்"னு நிமிர்ந்துதான் சொன்னேன். பெரிய அதிகாரி மூணையும் படிச்சுட்டு மெதுவா கேட்டார், "எழுதிக் கொடுத்தா போதுமாம்மா? மூணாவது தடவை ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?" அன்னிக்கு ராத்திரி அழுதேன். கோவமும் வந்துச்சு, ஆனா அவர் கேட்டது சரி. அதுக்கப்புறம் வேலையில இருந்த வரைக்கும் ஒரு குறையை எழுதினா அது மூடற வரைக்கும் விட மாட்டேன், இதனாலயே எனக்கு நெறைய பேர் எதிரி ஆனாங்க.

ஒரு கிளையோட ரெண்டு சாவிக்கே என்னை அந்தக் கேள்வி கேட்டாங்க. 2022 கடைசியில 20,900 கோடி டாலர் சொத்து இருந்த பேங்குக்கு அந்தக் கேள்வியைக் கேட்டா நான் லெவல் தெரியாதவளா?

இப்ப கமெண்ட்ல வரப்போறதுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிடறேன்.

"2018-ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தானே சட்டத்தைத் தளர்த்துச்சு." ஆமா, கடுமையான விதிகளுக்கான சொத்து எல்லையை 5,000 கோடி டாலர்லருந்து 25,000 கோடிக்கு ஏத்தினாங்க. ஆனா 10,000 கோடிக்கும் 25,000 கோடிக்கும் நடுவுல இருக்கற பேங்குகளை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கணும்ங்கற அதிகாரத்தை அதே சட்டம் ஃபெட் கையிலதான் விட்டுச்சு, 2019-ல தன் விதியைத் தானே தளர்த்திக்கிட்டது ஃபெட்தான். மைக்கேல் பார் அறிக்கையே இதை மறைக்கல.

"சிக்னேச்சர் பேங்க், ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் எல்லாம் டெபாசிட் இன்ஷூரன்ஸ் அமைப்பான எஃப்டிஐசி பாத்தது, அதுவும் விழுந்துச்சே." சரி, ஒத்துக்கறேன். அதனால?

"ஒரே நாள்ல 4,200 கோடி எடுத்தா உலகத்துல எந்த பேங்கும் நிக்காது." அந்த ஒரு நாளைப் பத்தி நான் பேசவே இல்லையே, அதுக்கு முன்னாடி போன ரெண்டு வருஷத்தைப் பத்திப் பேசறேன். திருப்பித் திருப்பி இதைத்தான் சொல்லிட்டிருக்கேன், யாரும் காதுல வாங்கல.

"தன் தப்பைத் தானே எழுதி வெளியிட்ட நிறுவனம், அந்த நேர்மைய பாருங்க." பாக்கறேன். ஏழு வாரத்துல அப்படி ஒரு அறிக்கை போட்டது நெஜமாவே பெரிய விஷயம், வேற எந்த நாட்டுல இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கும்னு எனக்கும் தெரியல, அந்த அறிக்கையை வரி வரியா படிச்சவள்ங்கற முறையில சொல்றேன். அதனாலதான் இன்னும் வலிக்குது. அவங்களே ஒத்துக்கிட்டதை நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

இன்னொரு விஷயம். ஃபெடோட 12 வட்டார ரிசர்வ் பேங்குல ஒவ்வொண்ணுக்கும் ஒன்பது டைரக்டர்கள், அதுல ஆறு பேரை தேர்ந்தெடுக்கறது உறுப்பினர் பேங்குகள்தான். சிலிக்கான் வேலி பேங்கோட தலைமை நிர்வாகி கிரெக் பெக்கர், தன் பேங்க் விழற அன்னிக்கு வரைக்கும் சான் ஃப்ரான்சிஸ்கோ ரிசர்வ் பேங்க் போர்டுல இருந்தார். டைரக்டர்களுக்கு மேற்பார்வையில கை கிடையாதுன்னு விதி இருக்கு, அதை மீறினாங்கன்னு நான் சொல்லல. ஆனா நான் ஆடிட் பண்ணப் போற கிளையோட மேனேஜர் எங்க ஆபீஸ் போர்டுல உக்காந்திருந்தா மூணாவது தடவை அந்தப் போனை எடுத்திருப்பேனான்னு என்னையே கேட்டுப் பாத்தேன். தைரியமா ஆமான்னு சொல்ல முடியல.

இப்ப அந்த வாத்தியார் கதைக்கு வரேன், அதுலதான் பேச்சாளர் ரொம்ப நேரம் இருந்தார். ஃபெட் வெளிநாட்டுக்கு ஆலோசனை சொல்லப் போனதை நான் தப்புன்னே சொல்லல! 1940-கள்ல ஃபெட் பொருளாதார நிபுணர் ராபர்ட் டிரிஃபின் பராகுவேக்குப் போனார். நியூயார்க் ஃபெட்லருந்து ஆர்தர் புளூம்ஃபீல்ட் கொரியாவுக்குப் போனார், அங்க மத்திய வங்கியான பேங்க் ஆஃப் கொரியா 1950 ஜூன் 12-ல ஆரம்பிச்சுது, 25-ம் தேதி போர் வந்துடுச்சு. இலங்கைக்கு ஜான் எக்ஸ்டர். எக்ஸ்டரை நம்ம ஆளுங்க பெருமையா சொல்றாங்க, நானும் சொல்றேன், ஆனா காரணம் வேற. அவர் ஃபெடோட பொருளாதார நிபுணர், 1948-ல வந்தார், 1949-ல அறிக்கை கொடுத்தார், அதை வெச்சு 1949-ம் வருஷத்து 58-ம் இலக்க நாணயச் சட்டம் வந்துச்சு, 1950 ஆகஸ்ட் 28-ல இலங்கை மத்திய வங்கி திறந்துச்சு. அறிக்கையைக் கொடுத்துட்டு ஃப்ளைட் ஏறல அந்த மனுஷன். அந்த வங்கிக்கே முதல் கவர்னரா 1953 வரைக்கும் உக்காந்தார், தான் எழுதினது நடக்குதான்னு பாத்தார். அந்தச் சட்டத்துலயே பேங்க் மேற்பார்வைக்குனு தனி டிபார்ட்மெண்ட். அவருக்கு அப்புறம் என்.யு. ஜெயவர்தன அந்த நாற்காலிக்கு வந்தார். 2023-ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் அந்தச் சட்டம் ஓடுச்சு.

பேச்சாளர் எக்ஸ்டரை உதாரணம் காட்டினப்ப எனக்கு உள்ள என்னமோ பண்ணுச்சு, ஏன்னா அவர் என் கட்சி. எழுதினவன் கூடவே நின்னு செய்ய வைக்கணும்ங்கறதுக்கு அவரை விட நல்ல சாட்சி எனக்கு வேணாம்.

இன்னிக்கும் வெளிநாட்டு மேற்பார்வையாளர்களுக்கு ஃபெட் பயிற்சி கொடுக்குது. கொடுக்கட்டும், நல்ல பயிற்சின்னுதான் போனவங்க சொல்றாங்க. ஆனா அந்த கிளாஸ்ல இந்த 31-ஐயும் பாடமா வெக்கணும், எங்க தவறினோம்னு அவங்க வாயாலேயே சொல்லணும், கேக்கற சின்ன நாட்டு ஆள் கை தூக்கி கேள்வி கேட்டா பதில் சொல்லணும். அப்படித் தூக்கின கையைத்தான் சனிக்கிழமை ம்யூட் பண்ணாங்க. இருபத்தி ரெண்டு வருஷம் மத்தவங்க கணக்கைத் திறந்து பாத்திருக்கேன், பூட்டின அறையில தூசியில உக்காந்து ஓவர்டிராஃப்ட் லெட்ஜர் பாத்திருக்கேன், என்னைப் பாத்து "கிளை ஆடிட்"ங்கறதை ஒரு வசவு மாதிரி சொன்னாங்க. பெரிய டேட்டா பேசறவங்க யாரும் அந்த ரெண்டு சாவியைப் பாத்திருக்க மாட்டாங்க. பேங்க் விழறது அங்கதான் ஆரம்பிக்குது, சொன்னதைச் செய்யாதவனை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியற இடத்துல.

"இவ்வளவு உணர்ச்சி தேவையா அக்கா"ன்னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டான். தேவை தம்பி. டெபாசிட் போட்டவனுக்கு அது உணர்ச்சிதான்.

கூட்டம் நடத்தறவங்களுக்கு: அடுத்த சனிக்கிழமையும் வரேன். அதே கேள்வியைத்தான் கேப்பேன், 31 குறையையும் மூட வைக்கறது யாரோட வேலையா இருந்துச்சு, அவங்க ஏன் அந்தப் போனைப் பண்ணல. இந்தத் தடவை மைக்கை ஆன்ல வெச்சிருங்க.