அளவை விட்டுவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் அந்த நில மேப் ஸ்கிரீன்ஷாட்தான். சாட்டிலைட் படத்தின் மேல் சர்வே எண் கோடுகள். கிணறு ஒரு பக்கம், அதன் கோடு பக்கத்து வயலில். ஏரிக்கரை பட்டா நிலத்துக்குள் வந்துவிட்டது. மீம் போட்டாயிற்று, சிரித்தாயிற்று. சிரித்துவிட்டுப் போங்கள், அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன் கீழே ஒருவர், "பழைய எஃப்.எம்.பி. எல்லாம் குப்பை ப்ரோ, மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாத் துறைக்கும் ஒரே ஒருங்கிணைந்த மேப்புக்குப் போனால் ஆறு மாத வேலை" என்று எழுதியிருந்தார். அதற்கு விழுந்திருக்கும் லைக்குகளைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது.

குப்பை என்று சொல்லும் அந்த எஃப்.எம்.பி.யை, அதாவது நிலத்தை அளந்து போட்ட புலப்படத்தை, ஒரு தரமாவது விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். மூலைக் கற்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து. கல்லையும் கல்லையும் இணைத்து நிலத்தின் குறுக்கே ஓடும் ஜி லைன். ஜி லைனுக்கு ஒரு லேடர், அதாவது ஏணி மாதிரி எழுதிய அளவு வரிசை. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நடுவில் அளவுச் சங்கிலி ஓடிய தூரம், இரண்டு பக்கமும் ஆஃப்செட், அதாவது கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகிய தூரம். 38.2-க்கு நேராக வலப்பக்கம் 9.4 என்றிருந்தால், ஜி லைனில் 38.2 மீட்டர் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக வலப்பக்கம் 9.4 மீட்டர் போனால் கல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். யாரோ ஒருவர் வெயிலில் சங்கிலி பிடித்து எடுத்த எண் அது. தாளில் இருக்கும் படம் அந்த எண்ணை வைத்துப் பிறகு வரைந்தது. எண்தான் சொத்து. படம் அதன் நிழல்.

என் கட்சி இந்த ஒரு வரிதான்: புதிய மேப்புக்குப் போவதாக இருந்தால் எண்களைக் கொண்டு போங்கள், படத்தைக் கொண்டு போகாதீர்கள்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் கோடு வழுக்கிக் கிடக்கும் விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து, நாலு மூலையைப் பிடித்து இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய கிராம வரைபடம் மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1:3960. மெட்ரிக் வந்த பிறகு 1:5000. தாளில் பேனாக் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், 1:5000-இல் அது தரையில் இரண்டரை மீட்டர். கோட்டின் தடிமனே இரண்டரை மீட்டர்! அதை வைத்து அரை சென்ட் தகராறைத் தீர்க்கப் போகிறார்களாம். போதாக்குறைக்குத் தாள் நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் வேறு மாதிரியும் சுருங்கும். ஏரிக்கரையைப் பொருத்த இழுத்தால் ரோடு நகரும், ரோட்டைப் பொருத்தினால் கரை நகரும். ஜி.ஐ.எஸ். மேப் மென்பொருளில் படத்தை ரப்பர் போல இழுத்துப் பொருத்தும் ரப்பர் ஷீட்டிங் பட்டன் இருக்கிறது என்பதற்காக அதை அமுக்கிக்கொண்டே இருந்தால், கண்ணுக்குப் பொருந்திய மாதிரி இருக்கும். ஒரு நிலத்தின் பக்க அளவும் புலப்படத்தோடு ஒத்துவராது.

இத்தனைக்கும் எண்கள் ஏற்கெனவே கணினிக்குள் இருக்கின்றன. மத்திய அரசின் தகவலியல் மையமான என்.ஐ.சி. செய்த கொலாப்லேண்ட் மென்பொருள் லேடர் அளவுகளை உள்வாங்கித்தான் புலப்படத்தையே வரைகிறது. அதிலிருந்து ஷேப்ஃபைல் என்ற மேப் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு "மைக்ரேஷன் முடிந்தது", அதாவது தரவைப் புதிய மேப்புக்கு மாற்றியாயிற்று, என்று அறிக்கை அனுப்பினால், லேடரை அங்கேயே விட்டுவிட்டு வந்தாயிற்று என்று அர்த்தம். ஷேப்ஃபைலுக்கு ஜி லைன் தெரியாது, ஆஃப்செட் தெரியாது. நாளை ஒரு எல்லை தவறு என்று தெரிந்தால் எந்த அளவைத் திருத்துவது? வெறும் கோட்டைப் பிடித்து மவுஸால் நகர்த்த வேண்டியதுதான். ஒவ்வொரு புலத்துக்கும் கல், ஜி லைன், லேடர் வரிசை, ஆஃப்செட், எந்தப் பக்கம் என்று தனித்தனி அட்டவணையாக எடுக்க வேண்டும். பலகோணத்தைப் புதிய இடத்தில் அதிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். கட்டிப் பார்த்தால்தான் தப்பும் தெரியும். ஆஃப்செட்டை இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கத்தில் அடித்திருந்தால் நிலம் தன் மேலேயே மடிந்து எட்டு போல நிற்கும். லிங்கில், அதாவது சங்கிலியின் கண்ணிக் கணக்கில், அளந்த பழைய தாளை மெட்ரிக் என்று எண்ணிச் சேர்த்திருந்தால், 66 அடிச் சங்கிலியின் லிங்க் 20.1168 செ.மீ., மெட்ரிக் லிங்க் 20 செ.மீ., 200 மீட்டரில் 1.17 மீட்டர் காணாமல் போகும். படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அடுத்தது, ஒரு கிராமத்தின் புலங்களை ஒட்டி ஒரே விரிப்பாக்குவது. ஒரே எல்லைக்கு இந்தப் புலப்படத்தில் 84.2, பக்கத்துப் புலப்படத்தில் 84.8 என்று இருக்கும். இருக்கத்தான் செய்யும், இரண்டு தடவை சங்கிலி பிடித்தால் இரண்டு எண் வரும். அதனால் நடுவில் மெல்லிய இடைவெளி, அல்லது ஒன்றின் மேல் ஒன்று. இதை மென்பொருள் தானாக மூடவிட்டால் யாருடைய நிலம் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. முறை என்னவென்றால், தரையில் இன்னும் நிற்கும் பழைய கற்களை முதலில் தேட வேண்டும். மூன்று கிராம எல்லை கூடும் இடத்துக் கற்கள், தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவிக்காக நட்ட கற்கள். அவற்றில் ரோவர் என்ற ஜி.பி.எஸ். கருவியை வைத்து இடத்தைப் பிடிக்க வேண்டும். கிராமத்தின் ஓரங்களிலும் நடுவிலும் பரவலாக வேண்டும், ரோட்டோரம் வண்டி போகிற பக்கம் மட்டும் நாலு கல் எடுத்துவிட்டு வரக்கூடாது. பிறகு வடிவம் கெடாத ஹெல்மெர்ட் உருமாற்றம்: நகர்த்தலாம், திருப்பலாம், ஒரே விகிதத்தில் பெரிதாக்கலாம், வேறு எதுவும் கூடாது. சில கற்களைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்து, கடைசியில் அவற்றை வைத்துச் சோதிக்க வேண்டும். பொருத்தப் பயன்படுத்திய கல்லையே சோதிக்கவும் பயன்படுத்தி "துல்லியம் பிரமாதம்" என்று ஸ்லைடு போடுபவர்களை என்ன சொல்வது!

திண்டுக்கல்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யு.டி.எம். முறையில் மண்டலம் 43-க்கும் 44-க்கும் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை. அது உங்கள் மாவட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஒட்டன்சத்திரம் ஒரு மண்டலம், நத்தம் இன்னொரு மண்டலம். மதுரையில் உசிலம்பட்டியும் மேலூரும் அப்படி, சேலத்தில் மேட்டூரும் ஆத்தூரும் அப்படி. மண்டல ஓரத்தில் யு.டி.எம். தூரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 90 செ.மீ. கூடுதலாகக் காட்டும். 200 மீட்டர் ஜி லைனுக்கு 18 செ.மீ. இது தெரியாமல் "சர்வேயர் அளவு தப்பு, ஜி.பி.எஸ். சரி" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இதைவிடக் கொடுமை, இணையத்தில் காட்டுவதற்கான வெப் மெர்கேட்டர் என்ற மேப் முறையிலேயே பரப்பைக் கணக்கிடுவது. திருச்சி பக்கம் நூறு சென்ட் நிலம் 104 சென்ட் ஆகிவிடும். நாலு சென்ட் சும்மா வருகிறது, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

அட்டவணைப் பக்கம் வந்தால் இன்னும் வேடிக்கை. 12/3 என்ற சர்வே எண்ணை எக்செல்லில் திறந்தால் தேதியாகிவிடும். உட்பிரிவு மட்டும் தனி நெடுவரிசையில் 1E2 என்று ஆங்கில எழுத்தில் இருந்தால், அது நூறு. கிராமத்தின் நிலப் பதிவேடான அ பதிவேட்டில் பரப்பு ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) என்று எழுதுகிறோம்: 1.05.0 என்றால் ஒரு ஹெக்டேர் ஐந்து ஏர். இரண்டையும் தனித்தனி நெடுவரிசையிலிருந்து சேர்க்கும்போது பூஜ்யம் விட்டுப்போய் 1.5 ஆனால் 45 ஏர் கூடிவிட்டது, ஒரு ஏக்கருக்கு மேல். ஷேப்ஃபைலில் எழுத்துகளுக்கான ஒரு நெடுவரிசைக்கு 254 பைட்தான். யூனிகோட் தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட், ஆக 84 குறி. கூட்டுப்பட்டாவில் அண்ணன் தம்பி நாலு பேர், தகப்பனார் பெயரோடு போட்டால் கடைசித் தம்பி வெட்டுப்பட்டுப் போவார். பழைய கோப்புகள் வானவில், டாம், டாப் என்று எந்த எழுத்துருவில் கிடக்கின்றன என்பதைக் கோப்புக்குக் கோப்பு பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கிராமக் குறியீடு தனிக் கதை. வருவாய்த் துறைக்கு ஒரு குறியீடு, பதிவுத் துறைக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு பிரிந்தன, அதன் பின் மயிலாடுதுறை. மாவட்டமும் தாலுகாவும் மாறியதும் குறியீடும் மாறியது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தக் குறியீடு என்று ஓர் இணைப்பு அட்டவணை இல்லாமல் "ஒருங்கிணைப்பு" என்று பேசுவது வாய்ப்பந்தல்.

இதற்கு வரப்போகும் கமென்ட் தெரியும். "ட்ரோன் பறக்கவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே சார்." ட்ரோனுக்கு வரப்பு தெரியும், உரிமை தெரியாது. ஏரியில் பத்தடி உள்ளே வரப்பு போட்டவனுக்கு ட்ரோன் அந்தப் பத்தடியையும் சேர்த்து அழகாக ஐந்து செ.மீ. துல்லியத்தில் வரைந்து கொடுக்கும். 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 13-ஆம் பிரிவுப்படி அறிவிக்கை வந்த அளவைதான் எல்லைக்கு முடிவான சான்று, அதை மாற்ற வேண்டுமென்றால் 14-ஆம் பிரிவுப்படி மூன்று வருடத்துக்குள் சிவில் கோர்ட். சர்வரில் ஒருவர் கோட்டை நகர்த்தினால் சட்டம் நகராது. ஆந்திராவைக் காட்டுவார்கள். 2020 டிசம்பரில் அங்கே தொடங்கியது மறு நிலஅளவை. கிராமம் கிராமமாகப் போய்ப் புதிதாக அளந்தார்கள். மறு அளவை வேண்டுமென்றால் அதைச் சொல்லுங்கள், நோட்டீஸ் கொடுங்கள், அளங்கள். மறு அளவை செய்யாமல் மைக்ரேஷன் என்ற பெயரில் எல்லையை மாற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"பட்டாவுக்காக ஜனங்கள் அலைகிறார்களே, சீக்கிரம் முடிக்க வேண்டாமா?" முடிக்க வேண்டும்தான். தப்பான பட்டாவுக்கும் அலைவார்கள், கோர்ட்டுக்கு.

"உங்களுக்கு மாற்றமே பிடிக்காது." இந்த ஒன்றுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒருங்கிணைப்பு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பதிவுத் துறையின் ஸ்டார் மென்பொருள், பட்டாவுக்கான தமிழ் நிலம் மென்பொருள், நகர ஊரமைப்பின் நிலப் பயன்பாடு, நீர்வளத் துறையின் ஏரி எல்லை, எல்லாம் ஒரே புல விரிப்பின் மேல் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் ஒருங்கிணைப்பு என்றால் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கொட்டுவதல்ல. புல எல்லையைத் திருத்தும் அதிகாரம் நிலஅளவைத் துறைக்கு மட்டும். மற்றவர்கள் அதைச் சேவையாக வாங்கிப் பார்க்கட்டும், தங்கள் அடுக்கை மட்டும் திருத்தட்டும். இன்று ஒவ்வொரு துறையும் ஒரு பிரதி எடுத்துத் தன் மேசையில் வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறது. பதிவேட்டுப் பரப்பும் கணக்கிட்ட பரப்பும் இரண்டு தனி நெடுவரிசையாக இருக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்றை எழுதவே கூடாது. தாலுகா தாலுகாவாக மாற்ற வேண்டும். பழைய முறையும் புதிய முறையும் சில காலம் சேர்ந்தே ஓட வேண்டும். ஏனென்றால் தரவை எடுத்த நாளுக்கும் புதியது திறக்கும் நாளுக்கும் நடுவில் பிர்காவில் உட்பிரிவு நடந்துகொண்டேதான் இருக்கும். அந்த உட்பிரிவுகளைத் தனியாகப் பிடித்துச் சேர்க்காவிட்டால், போன மாதம் வாங்கியவரின் 3அ2 புதிய மேப்பில் இருக்காது. மாற்றம் பிடிக்காதவன் இவ்வளவு எழுதுவானா?

எனக்குத் தெரிந்த ஒரு பிர்கா சர்வேயர், ஓய்வு பெற்றுவிட்டார். வாய்க்கால் ஓரத்துக் கல்லை மட்டும் நம்பவே மாட்டார். "டிராக்டர் திருப்புறவன் அதைப் பிடுங்கி ரெண்டடி தள்ளி நட்டிருப்பான் தம்பி, பக்கத்து நம்பர் ஜி லைன்ல இருந்து வந்து பாரு" என்பார். எந்தக் கல் நகர்ந்தது, எந்த ஊரில் எந்த வருடத்துத் தாள் லிங்கில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் போன்றவர்களின் தலையில் இருக்கிறது. எந்த டெண்டரிலும் அவர்களிடம் கேட்க ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்ததில்லை. கன்சல்டன்டுக்கு ஏ.சி. அறை, இவருக்கு "குப்பை" என்ற பட்டம். அளந்தவனைக் குப்பை என்றும், அவன் அளவை ஸ்கேன் செய்தவனை நிபுணர் என்றும் சொல்லும் காலம் இது, சொல்லிக்கொள்ளுங்கள்.

நிற்காத கற்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்லைப் பராமரிப்பது பட்டாதாரர் பொறுப்பு என்று அதே 1923 சட்டம் சொல்கிறது. பிடுங்கிப் போட்ட கல்லுக்கு எத்தனை பேர் மனு கொடுத்து, பணம் கட்டி, மறுபடி நட்டிருக்கிறார்கள்? ரோவர் கொண்டு போகிற குழு கல் இல்லாத மூலையில் நின்று எதை அளக்கும்? இந்த மைக்ரேஷன் திட்டத்தில் கல் நடுவதற்கு ஒரு வரி ஒதுக்கீடு இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "குப்பை ப்ரோ"காரர் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.