மாத்திரை எழுதும்போதே சொல்லிடுங்க டாக்டர்

ஹாலோபெரிடால், டிரைஃப்ளுவோபெரசின், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா போடுற ஃப்ளூஃபெனசின் ஊசி, இதெல்லாம் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குக் குடுக்கிற பழைய மருந்துதான். ஆனா மோசமான மருந்துன்னு நான் சொல்லவே மாட்டேன். 1952ல பாரிஸ்ல குளோர்ப்ரோமசின் குடுத்துப் பாத்த பிறகுதான் மனச்சிதைவுக்கு வேலை செய்ற மருந்துன்னே ஒண்ணு வந்துச்சு, விலையும் கம்மி, எங்க அண்ணன் எந்திரிச்சு உக்காந்ததே இதாலதான். என் கோவமெல்லாம், இது உடம்ப என்ன பண்ணும்னு வீட்டு ஆளுங்ககிட்ட யாரும் வாயத் திறந்து சொல்றதில்லங்கிறதுதான்.

ஹாலோபெரிடால் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல அண்ணன் ராத்திரி பூரா ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தான், தட்டு முன்னாடி உக்காந்தா ரெண்டு வாய் சாப்பிடுவான் எந்திரிச்சிடுவான், நின்னாலும் காலை மாத்தி மாத்தி வப்பான், "உள்ள என்னமோ பிராண்டுது பாப்பா, உக்கார முடியல"ன்னு அழுவான். அப்ப பாத்துட்டிருந்த கிளினிக்ல நோய் முத்திருச்சுன்னு டோஸ ஏத்திட்டாங்க, நடை இன்னும் கூடுச்சு. வேற டாக்டர்தான் இது அகதீசியா, மருந்தால வர்றதுன்னு கண்டுபிடிச்சு, டோஸ குறைச்சு, அந்தத் தவிப்பை அடக்க ப்ரோப்ரனலால் மாத்திரையும் சேத்துக் குடுத்தாங்க. இந்த அவஸ்தை தாங்காம சிலருக்கு தற்கொலை எண்ணமே வருமாம், அதனால இத சாதாரணமா விட்றாதீங்க.

இன்னொண்ணு, மருந்து ஆரம்பிச்ச முதல் சில நாள்ல திடீர்னு கழுத்து ஒரு பக்கமா திருகிக்கும், கண்ணு மேல சொருகும், நாக்கு தடிச்ச மாதிரி ஆயிடும், வயசுப் பசங்களுக்குத்தான் இது அதிகம். பாக்கிற யாருக்கும் பேய் புடிச்சிருச்சுன்னுதான் தோணும், பூசாரிகிட்ட தூக்கிட்டு ஓடுறவங்க இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா ப்ரோமெதசின் ஊசி ஒண்ணு போடுவாங்க, பெரும்பாலும் சீக்கிரமே சரியாயிடும்.

இதனாலதான் நோயாளிக்குத் தெரியாம சாம்பார்லயும் காபியிலயும் மருந்த கலந்து குடுக்காதீங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன், கழுத்து இழுத்துக்கும்போது என்ன நடக்குதுன்னே தெரியாம அந்தப் புள்ள பயந்து செத்துரும்.

நல்ல காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி விறைப்பு, வேர்வை, பேச்சுல குழப்பம், இதெல்லாம் சேந்து வந்தா அடுத்த மாத்திரைய குடுக்காம நேரா கேஷுவாலிட்டிக்குப் போங்க, அபூர்வமா வர்றதுதான் ஆனா உயிருக்கே ஆபத்து. மத்தபடி நீங்களா மருந்த நிறுத்தவே நிறுத்தாதீங்க, நோய் திரும்பிடும். இந்த மருந்தால வர்ற நடுக்கத்துக்குக் குடுக்கிற டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை வேர்வைய குறைச்சிடும், அதனால கத்திரி வெயில்ல வெளிய அனுப்பாதீங்க. படுக்கையில இருந்து சடார்னு எந்திரிச்சா பிரஷர் இறங்கி விழுந்துருவாங்க, வயசானவங்கள கூடவே இருந்து பாத்துக்கணும்.

வருசக்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு வாய் சும்மாவே மெல்லும், நாக்கு வெளிய வந்து வந்து போகும். டார்டிவ் டிஸ்கினீசியான்னு சொல்வாங்க, முத்தினா சிலருக்கு மருந்த நிறுத்துனாக்கூட போகாது, டிரைஹெக்சிஃபெனிடில் குடுத்தா இன்னும் அதிகமாத்தான் ஆகும். அதனால ஆரம்பத்துலயே புடிக்கணும், ஆறு மாசத்துக்கு ஒருக்காவாவது வாயையும் விரலையும் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. ஓபி கூட்டத்துல ரெண்டு நிமிசந்தான் கிடைக்கும், வீட்டுல அப்படி அசையும்போதே போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கிட்டுப் போய் காட்டுங்க, நாங்க அப்படித்தான் செய்றோம்.