அவுட்போர்டு மோட்டாருக்கு வீட்டு வயரா? சுற்றும் செய்தி தவறு

"படகில் பேட்டரியை முன்பக்கம் நகர்த்த வேண்டுமா? 12 வோல்ட்தானே, வீட்டு வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வோல்ட் குறைவுதான். ஆனால் அவுட்போர்டை, அதாவது படகின் பின்புறம் மாட்டும் இன்ஜினை, கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுழலும் சில நொடிகளில் 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கக்கூடும். பேட்டரி 4 மீட்டர் தள்ளிப் போனால், போக வர 8 மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 7.4 மில்லி ஓம். 100 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 6 வோல்ட் வழியிலேயே போய்விடும். மிச்சத்தில் இன்ஜின் எப்படிக் கிளம்பும்? வயரோ கொதிக்கும்; அருகில் பெட்ரோல் டாங்க் இருக்கிறது. இதே தூரத்துக்கு 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

முறுக்கிய இணைப்பு இன்னும் மோசம். அப்படி ஒன்றின் டேப்பை நான் பிரித்தபோது, செம்பு இழைகள் பச்சை பூத்து விரல் பட்டதும் உதிர்ந்தன. உப்புக் காற்றின் வேலை அது. ஒட்டுப்போடாமல், வெள்ளீயம் பூசிய முழு நீளக் கேபிளாகவே மாற்றுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் ஒரே தடிமனில் இருக்கட்டும்; முனைகளில் லக் (கேபிளை போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து அழுத்திப் பொருத்துங்கள்.

எந்த நீளத்துக்கு எந்தத் தடிமன் என்ற அட்டவணை பல மோட்டார்களின் கையேட்டிலேயே உண்டு. சந்தேகமிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டைப் பாருங்கள், வித்தியாசமே இழப்பு.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் பகிருங்கள்.