பை மட்டும் காணாது, ஆளும் வேணும்

பிள்ளைப்பெறுவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற பையை எட்டாம் மாசமே அடுக்கி வைக்கச் சொல்லி உங்கட கட்டுரையில எழுதியிருக்கிறியள், நல்ல விசயம். எங்கட முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளையளுக்கு இன்னொண்டும் சொல்லவேணும். இரவில வலி கண்டால் ஆர் வாகனம் கொண்டுவாறது எண்டு முதலே பேசி வையுங்கோ. கார்த்திகை மழைக்கு ஒழுங்கையில வெள்ளம் நிண்டால் ஓட்டோ வராது. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் இலவசம்தான், எண்டாலும் உள்ளுக்குள்ள வந்துசேர நேரம் பிடிக்கும்.

என்ர தங்கச்சியின்ர மகளுக்கு 19 வயசு. தாய் வெளிநாட்டில. பிள்ளையோட வீட்டுக்கு வந்த அடுத்த நாள் மார்பு கல்லு மாதிரி இறுகி, பிள்ளை வாய் வைக்குது, பிடிக்குதில்லை. அழுது களைச்சு, பால்மா வாங்கித் தாங்கோ எண்டிட்டாள். குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) அக்கா வந்து கொஞ்சப் பாலைக் கையால பீச்சி இளக்கிப்போட்டு, பிள்ளையின்ர நாடி மார்பில முட்டுறமாதிரிப் பிடிச்சுக் காட்டினா. மளமளவெண்டு குடிச்சுது. அந்த அக்கா வாறதுக்காகப் பாத்துக்கொண்டு இருக்காமல், அவவின்ர நம்பரை முதலே வாங்கி வையுங்கோ.

மாமிமாரே, சரக்குக் கறியும் பத்தியக் கறியும் குடுங்கோ, ஆனால் தண்ணி குடிக்க மறிக்காதேங்கோ, பால் குடுக்கிறவளுக்குத் தாகம் கூட. கிளினிக்கில தாற திரிபோஷா சத்துமாவும் அவளுக்குத்தான் தந்தது, வீட்டில பங்கு போடாதேங்கோ. பிள்ளை பெத்து ரெண்டு கிழமை தாண்டியும் தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால் "செல்லம்" எண்டு விடாமல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.